நாலுக்கு ஆறு: ஒரு முடிச்சுப் பெட்டியின் நிகழ்வு ஆய்வு

ஏழு மூடிகளைச் செதுக்கி முடித்த பிறகுதான் பிழை பிடிபட்டது. பிடித்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி. உளியைக் கையால் தொட்டவரும் இல்லை, அயர்லாந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவலைப்படுபவரும் இல்லை. தன்னுடைய அஞ்சறைப்பெட்டியின் பிணைச்சல் கழன்றுவிட்டது என்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். வந்த இடத்தில் மேசையில் அடுக்கியிருந்த மூடிகளில் ஒன்றை எடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வேலை எப்படித் தொடங்கியது, எங்கே சறுக்கியது, எப்படி மீட்டேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். கெல்டிக் முடிச்சு, அதாவது அயர்லாந்துப் பக்கத்துப் பின்னல் அலங்காரம், செதுக்க நினைக்கும் வேறு யாருக்காவது ஏழு மூடி மிச்சமாகலாம்.

கேட்டது என்ன

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம். மகள் அயர்லாந்தில் கோர்க் நகரத்தில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்ப் பொடியன். தாலி கட்டுவது கொழும்பில், வரவேற்பு அங்கே. இரு பக்கத்துப் பெரியவர்களுக்கும் கொடுக்கப் பன்னிரண்டு சின்னப் பெட்டிகள் வேண்டும். உள்ளே குங்குமச் செப்பு, சந்தனம், ஒரு வெள்ளிக் காசு. மூடியில் மாப்பிள்ளையின் ஊர் முடிச்சு வேலை.

தகப்பனுக்கு அன்னம் வைக்க ஆசை. கண்டிப் பக்கம் எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களில் கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்களை அவர் பார்த்திருக்கிறார். அது 14ஆம் நூற்றாண்டுக் கோயில். அங்கே உள்ள மரவேலையைப் பார்த்த பிறகு கொஞ்ச நாளைக்கு என் உளியை எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அன்னப் பின்னலும் ஒரு வகை முடிச்சுத்தான். ஆனால் தாயார் விடவில்லை.

“அவையின்ர வீட்டுக்காரருக்கு விளங்கிற மாதிரி இருக்கட்டும் தம்பி. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். இடையில எங்கயும் அறக்கூடாது. ஒரே கோடா ஓடித் திரும்பி வர வேணும்.”

நான் ஓம் என்றேன். இந்த ஆய்வில் உள்ள எல்லாத் தொல்லைக்கும் அந்த ஓம்தான் வேர்.

தொடக்கமும் முடிவும் இல்லாத கோடு அழியாத அன்பைக் குறிக்கும் என்பது இப்போது நகைக்கடை அட்டைகளில் எல்லாம் அச்சாகிற விளக்கம். பழைய துறவிகள் அப்படி நினைத்து வரைந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் சுவடி, துறவிகள் பின்னல் அலங்காரத்தோடு எழுதிய நற்செய்தி ஏடு, ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்துப் பின்னல்களில் இரண்டு மூன்று கம்பிகள், அதாவது பின்னிச் செல்லும் கோடுகள், தனித்தனிச் சுற்றாக ஓடுவது சாதாரணம். பின்னல் அலங்காரம் கெல்டியர் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. உரோமரின் கல்பதித்த தரைகளிலும் எகிப்தியக் கொப்டிக் கலையிலும் அதற்கு முன்பே அது இருக்கிறது. இதையெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்லித் தப்பியிருக்கலாம். வாக்குக் கொடுத்த பிறகு வரலாறு பேசுவது தச்சனுக்கு அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

மரம்

இதை நீட்டத் தேவையில்லை. முதிரை கல் மாதிரி. முடிச்சின் கம்பியை 7 மில்லிமீற்றர் அகலப் பட்டியாகச் செதுக்க அதோடு மல்லுக்கட்ட முடியாது. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, உளி முனையைத் தின்றுவிடும். பலா நல்ல மரம்தான், ஆனால் அதன் மஞ்சள் நிறம் போகப் போகக் கறுக்கும். மகள் வீட்டிலும் தாய் வீட்டிலும் வெவ்வேறு வேகத்தில் கறுத்தால் சோடி சோடியாகத் தெரியாது. மொறட்டுவையில் நன்றாகக் காய்ந்த மகோகனி வாங்கினேன், வெளிறு இல்லாத வைரப் பகுதியாகப் பார்த்து.

மரம் காய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு மரம் இங்கே எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும். ஹீட்டர் போட்ட ஐரோப்பிய வீட்டுக்குப் போனால் சுருங்கும். பெட்டிக்குள் இறங்கும் மூடியின் உதடு நாருக்குக் குறுக்கே ஏறத்தாழ 88 மில்லிமீற்றர். அது ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டச் சுருங்கக்கூடும். பெட்டியின் சுவர்ப் பலகையோ நார் வழியே கிடப்பதால் நீளத்தில் அசையாது. இங்கே கிண்ணென்று பொருந்தும் மூடி அங்கே கலகலக்கும் என்று அர்த்தம். பலகைகளை மூன்று கிழமை ஏசி அறையில் போட்டு வைத்து, அதன் பிறகே உதட்டை வெட்டினேன்.

புள்ளியும் கம்பியும்

முடிச்சு வேலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது: சிக்குக் கோலம் போடத் தெரியுமா? தெரிந்தால் பாதி முடிந்தது. புள்ளிகளைச் சதுர ஒழுங்கில் வை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் சரி நடுவில் கம்பி கம்பியை வெட்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்பும். கோலமும் கெல்டிக் பின்னலும் இந்த ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன. 1951இல் தன் வரைமுறையை அச்சில் கொண்டுவந்த ஸ்கொட்லாந்து ஓவிய ஆசிரியர் ஜோர்ஜ் பெய்ன் சொல்லிக்கொடுத்ததும் கட்டங்களும் புள்ளிகளும் கொண்ட வழிதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. மாக்கோலத்தில் கம்பி கம்பியை வெட்டும், அவ்வளவுதான். எது மேல், எது கீழ் என்று மா சொல்லாது. மரம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கம்பி ஒரு சந்தியில் மேலே போனால் அடுத்த சந்தியில் கீழே, அதற்கடுத்ததில் மேலே. இது கடைசிவரை குலையாமல் வரும்.

முதலில் கடதாசியில் மூன்றுக்கு ஐந்து புள்ளி வைத்து மாதிரி வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாயார் பென்சிலால் தொடர்ந்து பார்த்து, ஒரே கோடு, சரி என்றார். சரிதான். மூன்றுக்கு ஐந்து ஒரே கம்பியாக ஓடும்.

பிறகு மூடியில் வைத்துப் பார்த்தேன். மூடி 100க்கு 150 மில்லிமீற்றர். கரைச்சட்டம் விட்டால் செதுக்கும் பரப்பு 72க்கு 108. புள்ளிக்குப் புள்ளி 18 மில்லிமீற்றர் என்று வைத்தால் என் மாதிரி 54க்கு 90தான் பிடித்தது. நாலு பக்கமும் 9 மில்லிமீற்றர் வெறுமை. பார்க்க, பெரிய தட்டில் ஒரு பிடி சோறு வைத்த மாதிரி. ஒரு நெடுவரிசையும் ஒரு கிடைவரிசையும் கூட்டினேன். நாலுக்கு ஆறு. 18 பெருக்கல் நாலு 72, 18 பெருக்கல் ஆறு 108. ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை.

புதிய வரைபடத்தைத் தாயாருக்கு அனுப்பவும் இல்லை. அதே பின்னல்தானே, கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

செதுக்கிய விதம்

போட்டோக்கொப்பியை மூடியில் ஒட்டி, கோட்டின் வழியே வி உளியை ஓட்டி, பட்டிகளுக்கு இடைப்பட்ட தரையை 4 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறக்கினேன். பட்டியின் அகலம் 7, இடைவெளி ஐந்தரைக்குச் சற்றுக் கூட. மரத்தின் நார் மூடியின் நீளவாட்டில் ஓடுகிறது. பட்டிகள் எல்லாம் அதற்கு 45 பாகையில் சாய்கின்றன. இதுதான் இந்த வேலையின் தலையிடி. சாய்ந்த பட்டியின் ஒரு ஓரத்தை நார் போகும் பக்கமாக வெட்டினால் அதே திசையில் மறு ஓரம் எதிர்நாராக வரும், பிய்ந்துகொண்டு போகும். ஆகவே ஒரு ஓரத்தை மேல்நோக்கி வெட்டினால் மறு ஓரத்தைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். ஒரு சந்தியைத் தாண்டுவதற்குள் மூடியை இரண்டு மூன்று தரம் சுழற்றுவேன். மகோகனியில் நார் சில இடங்களில் பின்னிக்கொண்டு கிடக்கும். அங்கே எந்தத் திசையும் நல்ல திசை இல்லை. உளியைச் சாணைக்கல்லில் இன்னொரு தரம் தீட்டுவதுதான் வழி.

சந்தியில் மேலே போகும் பட்டியின் இரண்டு ஓரத்தையும் முதலில் நேர்குத்தாக வெட்டி நிறுத்திவிட வேண்டும். பிறகு கீழே போகும் பட்டியை நகவுளியால் சரிவாக 2 மில்லிமீற்றர் தாழ்த்தலாம். நேர்குத்து வெட்டு இல்லாமல் தாழ்த்தினால் உளி வழுக்கி மேல்பட்டியையும் அள்ளிக்கொண்டு போகும். என் முதல் பயிற்சிப் பலகைகள் எல்லாம் அப்படித்தான் விறகாகின.

மேல் கீழ் சரிபார்க்க எனக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. நாலுக்கு ஆறில் சந்திகள் 11 கிடைவரிசைகளில் வரும், மொத்தம் 38. முதல் வரிசையில் எல்லாச் சந்தியிலும் வலப்பக்கம் சாயும் பட்டி மேலே. இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் சாயும் பட்டி மேலே. மூன்றாவதில் திரும்ப வலம். வரிசை வரிசையாக அடையாளம் போட்டுக்கொண்டே போகலாம், கம்பியைத் தொடரவே வேண்டாம். ஆறு நிமிட வேலை. ஏழு மூடியிலும் மேல் கீழ் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

பிழை

ஆச்சி செட்டியார் தெருப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். மார்கழி முழுக்க வாசலில் கம்பிக் கோலம் போட்ட கை. மூடியை எடுத்து, மூலையில் சுட்டுவிரலை வைத்து, பள்ளம் வழியாக அல்ல, மேட்டு வழியாகவே விரலை ஓட்டினார். ஓட்டியபடியே தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றார்.

“தம்பி, இதுல ரெண்டு கம்பி ஓடுது.”

இல்லை ஆச்சி, ஒன்றுதான் என்றேன்.

“நாலும் ஆறும் வச்சா எப்படி ஒண்ணா வரும்? நாலுக்கு அஞ்சு வச்சிருந்தா வந்திருக்கும். புள்ளி வைக்கும்போதே பாக்குறதில்லையா?”

சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் எடுத்துக்கொண்டு போட்டோக்கொப்பியில் உட்கார்ந்தேன். ஆச்சி சொன்னபடியே. நீளம் சரிசமமான இரண்டு சுற்றுகள், ஒன்றை ஒன்று கோர்த்துக்கொண்டு. 38 சந்திகளில் 24 இடத்தில் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று வெட்டின. மிச்சம் 14இல் சிவப்பு சிவப்பையே, நீலம் நீலத்தையே.

கணக்கு இதுதான். எல்லாச் சந்தியிலும் கம்பி கம்பியை வெட்டும் சாதாரணப் பின்னலில், இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கையின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அத்தனை சுற்றுகள் வரும். மூன்றுக்கும் ஐந்துக்கும் அது 1. நாலுக்கும் ஆறுக்கும் 2. நாலுக்கு நாலு போட்டிருந்தால் நாலு தனிச் சுற்று. ஆண்டு ஏழில் படித்த பொ.கா.பெ. ஐம்பது வயதில் உளிப் பட்டறைக்குள் வந்து நிற்கும் என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களிலேயே கோலங்களை இலக்கணம்போல எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆச்சிக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

காரணம் என்ன என்று என்னையே கேட்டபோது, அளவை மாற்றியது இரண்டாம் காரணமாகத்தான் பட்டது. முதல் காரணம் என் குறுக்கு வழி. வரிசை வரிசையாகப் பார்க்கும் முறை மேல் கீழை மட்டுமே சோதிக்கும். சுற்று ஒன்றானாலும் இரண்டானாலும் நாலானாலும் மேல் கீழ் ஒழுங்கு சரியாகவே வரும். ஆகவே அந்தச் சோதனையில் ஏழு மூடியும் தேறின. வாடிக்கையாளர் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை அது தொடவே இல்லை. கம்பியைத் தொடர வேண்டாம் என்பதால்தான் அந்த வழி எனக்குப் பிடித்தது. கம்பியைத் தொடராததால்தான் பிழையும் ஒளிந்துகொண்டது.

வழிகள்

மூன்று இருந்தன. ஒன்று, சொல்லாமல் கொடுப்பது. கலியாண வீட்டில் யார் விரல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? தாயார் பார்ப்பார். அது முடிந்த கதை.

இரண்டு, ஐந்துக்கு ஏழு புள்ளியில் பன்னிரண்டையும் புதிதாகச் செய்வது. ஒரே கம்பி வரும், பரப்பிலும் ஏறத்தாழ அடங்கும். ஆனால் சந்திகள் 58 ஆகும், வேலை ஒன்றரை மடங்கு, பட்டியும் மெலியும். நாள் பன்னிரண்டு மூடிக்குப் போதாது.

மூன்றாவது, முறிவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ரொமிலி அலன் என்பவர் இந்தக் கலையைப் பகுத்துக் காட்டியபோது சொன்னது: சாதாரணப் பின்னலை எடுத்துச் சில சந்திகளை முறித்து, அங்கே கம்பிகள் வெட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போகும்படி செய்தால் கெல்டிக் முடிச்சுகள் பிறக்கும். அலங்காரத்துக்காக வைக்கும் முறிவை நான் கடன் தீர்க்க வைத்தேன். சிவப்பும் நீலமும் வெட்டும் ஒரு சந்தியை முறித்தால் இரண்டு சுற்றும் ஒன்றாகிவிடும். மேல் கீழ் ஒழுங்கும் குலையாது. தன்னைத் தானே வெட்டும் 14இல் கை வைத்தால் இரண்டும் ஒருநாளும் சேரா.

எதை முறிப்பது? நடு உயரத்தில், இடமிருந்து இரண்டாம் நெடுவரிசையில், மூன்றாம் நாலாம் புள்ளிகளுக்கு இடையில் உள்ள சந்தியைத் தெரிந்தேன். கண் உறுத்தியது. இடப்பக்கம் மட்டும் முறிவு, வலப்பக்கம் இல்லை. எதிரே உள்ள சந்தியையும் அதேபோல முறித்துச் சமன் செய்யலாம் என்று பென்சிலில் போட்டேன். போட்டால் மறுபடி இரண்டு சுற்று! முதல் முறிவு சேர்த்ததை இரண்டாவது பிரித்துவிட்டது. நாலு தரம் அழித்து வரைந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கச் சாய்வோடு வாழ்வது என்று முடிவெடுத்தேன்.

திருத்தம்

செதுக்காத ஐந்து மூடிகளில் இது வெறும் வரைபட மாற்றம். செதுக்கிய ஏழில்தான் சிக்கல். எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க முடியாது. முறிவில் பட்டி வட்டமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் பாதி மரம் ஏற்கெனவே தரையாகி 4 மில்லிமீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. வட்டத் திருப்பம் கிடைக்காது. கூர்த் திருப்பம் கிடைக்கும். சந்தியின் நட்டநடுவே நார் போகும் திசையில் இரண்டரை மில்லிமீற்றர் வாய்க்கால் ஒன்று வெட்டினால், வாய்க்காலின் இரு புறமும் முதுகோடு முதுகு காட்டும் இரண்டு கூர் மடிப்புகள் மிஞ்சும். மடிப்பின் இடுப்பு நாலு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனால் அந்த இடுப்பு நார் வழியே நிற்கிறது, அதனால் தாங்கும். இதே வாய்க்காலை நாருக்குக் குறுக்கே வெட்டினால் குறுநார் உடைந்து கையோடு வரும். சந்தியைத் தெரிந்தபோதே முறிவின் திசையையும் இப்படித் தீர்மானித்துக்கொண்டேன்.

இன்னொரு சில்லறைத் தொல்லை. சந்தியில் ஒரு பட்டி உயரம், மற்றது 2 மில்லிமீற்றர் தாழ்வு. இப்போது உயரப் பட்டியும் தாழ்ந்த பட்டியும் ஒரே மடிப்பில் சேர வேண்டும். உயரத்தைச் சந்திக்கு ஒரு விரல் முன்னாலிருந்தே மெல்ல இறக்கிக்கொண்டு வந்து இணைத்தேன். ஒளி சாய்வாக விழுந்தால் அந்தச் சரிவு தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

முதலில் வீண் பலகையில் ஒரே ஒரு சந்தியைச் செதுக்கி ஒத்திகை பார்த்தேன். பிறகு மூடிகள். ஆறு தேறின. ஒன்றில், நார் பின்னிய இடத்தில் உளி பட்டு இடுப்பு துண்டாகப் போனது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய தடம் அப்படியே தெரிந்தது. அந்த மூடியைக் கழித்துப் புதியது செதுக்கினேன். கணக்கு: கூர் இடுப்பு ஆறு, வட்டத் திருப்பம் ஆறு.

மூடிக்குச் செலக் மெல்லியதாக மூன்று பூச்சு, மேலே தேன்மெழுகு. உட்புறத்துக்கு இன்னும் இரண்டு பூச்சுக் கூட. பூச்சில்லாத மரத்தில் குங்குமம் சிந்தினால் அந்தக் கறை பெட்டியோடுதான் போகும்.

கையளிப்பு

தாயாரிடம் முழுவதையும் சொன்னேன், நாலுக்கு ஆறையும் சேர்த்து. அவர் பன்னிரண்டு மூடியையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தொடர்ந்தார். பால்தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. ஒன்பதாவதில் வழி தவறி மறுபடி மூலையிலிருந்து தொடங்கினார். எனக்கு அந்த அரைமணி நேரம் சாதாரண தரப் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது.

“இந்த இடம் மட்டும் ஏன் தம்பி கூரா இருக்கு?”

காட்டினேன். கூர் ஆறும் தங்கட பக்கத்துக்கு, வட்டம் ஆறும் மாப்பிள்ளை பக்கத்துக்கு என்று அவரே பிரித்தார். முறிவு ஒரு பக்கம் மட்டும் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கூலியில் அந்தக் கூடுதல் நாட்களை நான் சேர்க்கவில்லை. அளவை மாற்றியதைச் சொல்லாமல் விட்டதற்கு அது சரி.

இப்போது புள்ளி வைத்தவுடன் வேறு எதற்கும் முன்னால் இரண்டு எண்ணையும் பெருக்கல் வாய்ப்பாட்டில் பார்த்துக்கொள்கிறேன். வரைபடத்தில் ஒரு கம்பியைச் சிவப்பால் தொடர்ந்து முடித்த பிறகுதான் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போகிறேன். வரிசைக் குறுக்கு வழியையும் விடவில்லை. மேல் கீழ் பார்க்க அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

ஆச்சியின் அஞ்சறைப்பெட்டிக்குப் பித்தளைப் பிணைச்சல் போட்டுக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, மேசையில் வைத்துவிட்டு, உடைந்த மூடியை எடுத்துக்கொண்டு போனார். பெருங்காய டப்பாவுக்கு மேலே வைக்கிற பாரத்துக்கு அது அளவாக இருக்கிறதாம்.